பந்து மைதானத்துக்கு வழி

கொளஞ்சியப்பர் துணை

மந்தாரக்குப்பம்
14-4-63

அன்புள்ள தம்பி அய்யனாருக்கு அண்ணி வள்ளியம்மாள் எழுதிக்கொண்டது. இங்க நானும் அத்தையும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. அந்தக் குளுருல காதுக்குத் துணி கட்டிக்கினு போறியா? பம்பு வேலை பழகக் கம்பெனியில அனுப்பினாங்கன்னு ஊரே உன்னப் பத்தித்தான் பேசிக்கினு இருக்குது. அத்தைக்குப் பெருமை தாங்கல.

விஷயத்துக்கு வர்றேன். நீ ஏரோப்ளேன் ஏறுறதுக்கு மிந்தியே சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல. பெரியண்ணன்னு ஒருத்தரு இருக்காருல்ல, அவரு என்னைப் பொண்ணு கேட்டு அனுப்பியிருக்காரு. நெய்வேலி மைன்ஸ்ல பம்பு ஆப்பரேட்டரு, பொஞ்சாதி செத்துப் போச்சே, அவருதான். ஒளிவு மறைவா இல்ல. பஞ்சாயத்து பாவாடை மாமா மூலமா மொறையா கேட்டிருக்காரு. எனக்கும் சம்மதம்தான். இத எழுதறப்ப வெக்கமா இருக்குது, ஆனா சொல்லித்தான ஆவணும்.

நம்ம சனத்து வழக்கம் உனக்குத் தெரியும். புருசன் செத்தான்னு சேதி வரணும். இல்லாட்டி, ‘தீந்துச்சு, அவ வேற கட்டிக்கட்டும்’னு அவன் வாயால ஒரு சொல்லு வரணும். கூடப் பொறந்தவன் காதால கேட்டு எழுதினாலும் செல்லும்னு பாவாடை மாமா சொல்லிட்டாரு.

உங்க அண்ணன் கப்பல்ல சமையல் வேலைக்குப் போயி ஏழு வருசமாச்சு. மூணு வருசத்துக்கு மிந்தி ஒரே ஒரு படக்கார்டு போட்டாரு. நியூயார்க்குல யாங்கி ஸ்டேடியம்னு ஒரு பந்து மைதானம், அங்க வேர்க்கடலை, நம்ம மல்லாட்டைதான், விக்கிறேன்னு ரெண்டு வரி. நான் உசுரோட இருக்கனா செத்தனான்னு கூட கேக்கல. இப்ப நீ அதே ஊர்ல இருக்கற. போயிப் பாரு. வர்றேன்னா வரட்டும், பெரியண்ணனுக்கு இல்லன்னு சொல்லிட்டு உங்க அண்ணனுக்கே சோறாக்கிப் போடறேன். வரலன்னா அந்தச் சொல்ல வாங்கி எழுது. ரெண்டுல ஒண்ணு எனக்கு வேணும்.

நீயே எழுதக் கூடாதான்னு கேப்ப. மாட்டேன். விட்டுட்டுப் போனவரு காலடியில நானா போயி காயிதம் வெக்கணுமா?

உடம்ப பாத்துக்க. வேளைக்குச் சாப்புடு.

இப்படிக்கு,
உன் அண்ணி
வள்ளியம்மாள்

*

நியூயார்க்
3-5-63

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு அய்யனார் அநேக வணக்கம். நான் நலம். தங்கள் நலனும் அம்மாவின் நலனும் அறிய ஆவல். குளிர் குறைந்துவிட்டது.

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தாங்கள் கேட்டது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் உடனே கிளம்பினேன். இங்கே ஊருக்குள் போக வர பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது. தெருவோரத்தில் படிக்கட்டு இருக்கிறது, கிணற்றில் இறங்குவது போல இறங்க வேண்டும். ஒரு சின்னப் பித்தளை வில்லையைப் போட்டால் கம்பிக் கதவு சுழன்று உள்ளே விடுகிறது. ஆனால் ஒரே பிளாட்பாரத்தில் எத்தனையோ வண்டிகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் எழுத்தும் நம்பரும்தான் அடையாளம். வடக்கே போகிற வண்டிக்குப் பதிலாக நான் தெற்கே போகிற வண்டியில் ஏறிவிட்டேன். கடைசியில் இறங்கிப் பார்த்தால் எதிரே சமுத்திரம்! திரும்பி ரூமுக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுபடியும் முயற்சி செய்கிறேன். அண்ணி அவசரப்பட வேண்டாம். அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

தங்கள் அன்புள்ள கொழுந்தன்
அய்யனார்

*

கொளஞ்சியப்பர் துணை

மந்தாரக்குப்பம்
19-5-63

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதிக்கொண்டது. இங்க எல்லாரும் சுகம், நீ சுகமா? அத்தைக்குக் கால் வீக்கம் அப்பப்ப வருது, போவுது. ராவுல நல்லெண்ணெ தடவி விடறேன்.

நல்லா போனய்யா மைதானத்துக்கு! டிப்ளமா படிச்சவன், நூறு அடி பம்பையே கழட்டி மாட்டறவன், வடக்குக்கும் தெக்குக்கும் வித்தியாசம் தெரியாம கடலுக்குப் போயி நின்னேன்றியே. வாயில என்ன கொழுக்கட்டையா? நாலு பேர கேட்டுக்கினே போவ வேண்டியதுதான. நான் குள்ளஞ்சாவடி சந்தைக்கு மொதமொதல்ல தனியா போனப்ப கேட்டுக் கேட்டுத்தான் போனேன். எனக்கு என்ன இங்கிலீசா தெரியும்?

நான் வெளையாட்டுக்கு எழுதறேன்னு நெனைக்காத. டவுன்ஷிப்ல செடி வெக்கிற கான்ட்ராக்ட் வேலைக்குப் போறேன்ல, அங்க கூட இருக்கற பொம்பளைங்க ‘சொல்லு வந்துச்சா, சொல்லு வந்துச்சா’ன்னு தெனைக்கும் கேக்குதுங்க. பெரியண்ணன் ஷிப்டு வுட்டுப் போறப்ப சைக்கிள நிறுத்தி என் மூஞ்சியப் பாப்பாரு. நான் இல்லன்னு தலைய ஆட்டுவேன். அப்பிடியே சைக்கிள்ல ஏறிப் போயிடுவாரு. மனுசன் என்னை அவசரப்படுத்தல, அதனாலதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்குது.

வர்ற ஞாயித்துக்கெழமை போ. போயிட்டு வந்த அன்னிக்கே எழுது.

இப்படிக்கு,
அண்ணி வள்ளியம்மாள்

*

நியூயார்க்
12-6-63

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு வணக்கம். நான் நலம். தாங்களும் அம்மாவும் நலமாக இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு மன்னிக்கவும். பாக்டரியில் வேலை அதிகம்.

போன தடவை சரியான வண்டியில்தான் ஏறினேன். ஆனால் இங்கே ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு மைதானம், அந்தக் கரையில் ஒரு மைதானம் இருக்கிறது. இரண்டிலும் பந்து விளையாட்டுதான். நான் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அங்கே மல்லாட்டை விற்கிறவர்களிடம் விசாரித்தேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். பிறகுதான் மைதானமே தப்பு என்று தெரிந்தது. அதற்குள் யாங்கி கோஷ்டி வெளியூருக்கு விளையாடப் போய்விட்டது. அவர்கள் ஊரில் இல்லாதபோது அங்கே வியாபாரம் கிடையாது.

அண்ணி, ஒரு விஷயம். தப்பாக நினைக்கக் கூடாது. தாங்கள் பெரியண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால் அம்மா என்ன செய்வார்கள்? நம் ஊர் இருந்த இடமே இப்போது மைன்ஸ் பள்ளம். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. இங்கே என் வேலையைப் பார்த்து இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லலாம் என்று சூபர்வைசர் பேசிக்கொண்டிருக்கிறார். முடிவாகவில்லை. சும்மா சொன்னேன்.

அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

தங்கள் அன்புள்ள
அய்யனார்

*

கொளஞ்சியப்பர் துணை

மந்தாரக்குப்பம்
30-6-63

தம்பி அய்யனாருக்கு அண்ணி எழுதிக்கொண்டது. இங்க சுகம். அங்க சுகம்தான? ஒத்தடம் குடுக்கறேன்.

அத்தைய பத்தி நீ கேட்டது நியாயமான கேள்வி. நான் யோசிக்காம இருப்பேனா? அத்தைகிட்ட இன்னும் வாயத் தொறந்து பேசல. உன் காயிதம் எல்லாம் நான்தான் படிச்சிக் காட்டறேன், அந்த எடத்த மட்டும் தாண்டிட்டேன். மொதல்ல உங்க அண்ணன் சொல்லு வரட்டும், அப்பறம் அத்தையோட நான் பேசிக்கறேன். அத நீ காரணம் வெச்சிக்காத.

பாவாடை மாமா நேத்து வூட்டுக்கே வந்துட்டாரு. ‘எத்தினி நாளம்மா இப்பிடியே இழுத்துக்கினு இருக்கறது, பெரியண்ணனுக்கும் வயசாவுது, வேற எடம் பாக்கச் சொல்லட்டுமா’ன்னு கேட்டாரு. புரட்டாசிக்குள்ள சொல்லு வந்துடும், பொறுங்கன்னு கெஞ்சிக் கேட்டு அனுப்பி வெச்சேன். அதுக்கு மேல அவரு பொறுக்க மாட்டாரு.

பெரியண்ணன் உன்ன ஒண்ணு கேக்கச் சொன்னாரு. இங்க மைன்ஸ்ல பம்பு நின்னுச்சுன்னா அடியில இருக்கற தண்ணி தரையப் பொளந்துக்கினு மேல வந்துடும்னு நமக்கெல்லாம் தெரியும். அங்க அம்மாம் பெரிய ஊருக்கு அடியில பூமிய நோண்டி ரயிலு வுட்டிருக்காங்களே, தண்ணி வராதா? ஆரு பம்பு போட்டுக்கினு இருக்காங்க? அதுல போறியேன்னு அவருக்கு உன் மேல பயம். ராத்திரி ஷிப்டுல எல்லாரும் இதப் பத்தித்தான் பேச்சாம்.

இந்த மாசம் போயிடுவதான?

இப்படிக்கு,
அண்ணி வள்ளியம்மாள்

*

நியூயார்க்
21-7-63

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு வணக்கம். நான் நலம், தங்கள் நலமறிய ஆவல்.

பெரியண்ணன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. இங்கே நான் கூட யாரிடமும் கேட்கத் தோன்றாமல் இருந்தேன். விசாரித்தால், நம் மைன்ஸ் மாதிரியேதான். சுரங்கத்தின் ஓரமெல்லாம் பம்பு ரூம்கள் வைத்திருக்கிறார்கள். இராப்பகலாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் ரயில் முழுகிப் போகுமாம். மேலே நடக்கிற ஜனங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

யாங்கி மைதானத்துக்குப் போகிற வண்டி மட்டும் வேடிக்கை. வழி முழுக்க இருட்டு. மைதானம் வரப்போகிறது என்கிறபோது வண்டி மெல்ல மேலே ஏறி, சட்டென்று வெளிச்சத்துக்கு வந்துவிடும். இடது கைப் பக்கம் பார்த்தால் கோட்டைச் சுவர் மாதிரி மைதானம். பிளாட்பாரம் உயரத்தில் இருப்பதால் சுவருக்கு நடுவே ஒரு சந்து வழியாக உள்ளே பச்சைப் புல் தெரியும். டிக்கெட் வாங்க முடியாதவர்கள் அங்கேயே நின்று ஆட்டம் பார்ப்பார்கள். உள்ளே போனால் நம் மல்லாட்டையேதான், தோலோடு வறுத்து மடித்த பை. தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கையைக் காட்டினால் போதும், ஒருத்தர் இடது கையால் வீசுவார் பாருங்கள், குறி தப்பாமல் மடியில் போய் விழும். காசு ஒவ்வொரு கையாக மாறி அவரிடம் வந்து சேரும். எல்லாரும் கை தட்டுவார்கள்.

அண்ணனைத் தேடினேன். விற்கிறவர்கள் ஏகப்பட்ட பேர், ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். கண்ணில் படவில்லை. செப்டம்பரோடு ஆட்டம் முடிந்துவிடும். அப்புறம் அடுத்த ஏப்ரலில்தான்.

இரண்டு வருட வேலை அநேகமாக உறுதி. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

தங்கள்
அய்யனார்

*

மந்தாரக்குப்பம்
5-8-63

தம்பிக்கு. இங்க சுகம்.

நொட்டாங்கையால வீசுன அந்த ஒருத்தர் ஆரு?

‘யாரோ சொன்னதக் கேட்டு எழுதினேன், அது வேற ஆளு’ன்னு சொல்லாத. செங்கல் சூளையில கீழ நின்னுக்கினு மேல இருக்கறவன் கையில கல்ல வீசி ஏத்துன உங்க அண்ணன் கை அது. கோவம் வந்தா சோத்துத் தட்ட என் மேல எறிஞ்சதும் அந்தக் கைதான். அது எங்க போயி எப்பிடி வுழும்னு எனக்குத் தெரியாதா?

அடப்பாவி, நீ அவரப் பாத்துட்ட. பாத்துட்டு, பாக்கலன்னு எழுதற. கடலுக்குப் போனேன், ஆத்துக்கு அந்தாண்ட போனேன்னு எனக்குக் கதை சொல்லிக்கினு இருந்திருக்க. எந்த எடத்துல வெளிச்சம் வரும், எந்தப் பக்கம் புல்லு தெரியும்னு ஒரு தடவை போனவனுக்கு இவ்ளோ தெரியாது.

அவரு என்ன சொன்னாருன்னு எழுது. வேற ஒண்ணும் எழுத வேணாம்.

வள்ளியம்மாள்

*

மந்தாரக்குப்பம்
2-9-63

அய்யனாருக்கு. அத்தைக்கு ரெண்டு நாளா சொரம், இப்ப தேவல.

போன காயிதத்துக்கு நீ பதில் போடல. தபால்காரன் பெல்லு அடிச்சா அத்தை என்னைப் பாக்கறாங்க, நான் அத்தையப் பாக்கறேன். பஞ்சாயத்து புரட்டாசி ரெண்டாம் ஞாயித்துக்கெழமைன்னு வெச்சிட்டாங்க. அன்னிக்கு சொல்லு இல்லன்னா பெரியண்ணனுக்கு வேற பொண்ணு பாக்கலாம், நான் இப்பிடியே கெடக்க வேண்டியதுதான். உங்க அண்ணன் பொண்டாட்டியும் இல்லாம, இன்னொருத்தன் பொண்டாட்டியும் இல்லாம, செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு. எனக்கு இன்னும் முப்பதே ஆவல அய்யனாரு.

கடைசியா சொல்றேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுவாங்க, உனக்கே தெரியும். பேரு, ஊரு, என்னா அநியாயம் பண்ணினான்னு காயிதத்துல எழுதி சாமி வேலுக்கு மிந்தி கட்டிட்டா சாமி அவன வுடாது, கடலுக்கு அப்பால இருந்தாலும். இதுவரைக்கும் உங்க அண்ணன் பேர்ல கூட நான் கட்டல. உம் பேர்ல கட்டுவேன். கட்டிட்டு வந்துதான் பஞ்சாயத்துல ஒக்காருவேன்.

வள்ளியம்மாள்

*

நியூயார்க்
12-9-63

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களின் பாதங்களுக்கு அய்யனார் வணக்கம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அறிந்து துடித்துப் போனேன். இப்போது நலமா?

தயவு செய்து பிராது எதுவும் கட்ட வேண்டாம். தெய்வ விஷயத்தில் அவசரம் கூடாது.

நல்ல சேதி. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “வள்ளிக்கு நான் இழைத்த துரோகத்தை நினைத்து வருந்தாத நாளில்லை. அடுத்த சித்திரைக்குள் கட்டாயம் வந்துவிடுகிறேன். அதுவரை காத்திருக்கச் சொல். பெற்ற தாயைக் கண் கலங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல். அம்மாவின் பாதத்தில் விழுந்து வணங்கியதாகச் சொல்.”

ஆகவே அண்ணி, பெரியண்ணனிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லி வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவதுதான் முறை. இந்தக் கடிதத்தைப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டலாம். எனக்கு இங்கே இரண்டு வருடம் உறுதியாகிவிட்டது.

தங்கள் அன்புள்ள கொழுந்தன்
அய்யனார்

*

நாலாம் பிளாக்
நெய்வேலி நகரியம்
27-10-63

அய்யனாருக்கு வள்ளியம்மாள் எழுதுறது.

உன் காயிதம் பஞ்சாயத்துக்கு நாலு நாள் மிந்தி வந்துச்சி. படிச்சிட்டு அப்பிடியே ஒக்காந்துட்டேன். உன்ன நம்பக் கூடாதுன்னு தெரியும். ஆனா நெசமாவே வரப்போறாருன்னா? நான் வேற கட்டிக்கினு, அவரு சித்திரையில வந்து வாசல்ல நின்னா? சாயந்தரம் பெரியண்ணன் சைக்கிள நிறுத்தினப்ப, அவரு வர்றாராம், வேணாங்கன்னு சொல்லிட்டேன். ‘சரிம்மா’ன்னாரு. சைக்கிள்ல ஏறாம தள்ளிக்கினே போனாரு. அன்னிக்கு நான் அழுத மாதிரி உங்க அண்ணன் போனப்ப கூட அழுவல.

பஞ்சாயத்துல நான்தான் நின்னு படிச்சேன். படிச்சி முடிச்சதும் பாவாடை மாமா, ‘அப்பறம் என்ன, புருசன் வர்றான், பேச்சு முடிஞ்சிது’ன்னு துண்ட ஒதறிக்கினு எழுந்தாரு. பொம்பளைங்க பக்கத்துலேருந்து அத்தை, ‘மறுக்கா படி’ன்னாங்க. நான் படிச்சேன். ‘மூத்தவன் சொன்னது மட்டும் படி’ன்னாங்க. அதையும் படிச்சேன். பாதத்துல வுழுந்து கும்புட்டதா எழுதியிருக்கியே, அங்க வந்ததும் கைய நீட்டி நிறுத்துன்னாங்க.

‘இது மூத்தவன் பேச்சு இல்ல. அவன் பொறந்ததுலேருந்து எங்கால்ல வுழுந்ததும் இல்ல, அழுததும் இல்ல. என்னை அவன் கெழவின்னுதான் கூப்புடுவான். இப்பிடி உருகிப் பேசறது சின்னவன்தான்.’

அத்தை அழுவல, சத்தமும் போடல. நம்ம வூட்டுல பேசற மாதிரியே பேசினாங்க.

‘மூத்தவன் மொதல் நாளே சொல்லியிருப்பான். எதையும் வாயில வெச்சிக்கினு இருக்கறவன் இல்ல அவன். வேணாம்னா வேணாம், தீந்துச்சின்னா தீந்துச்சி. அத வாங்கி மடியில கட்டிக்கினது சின்னவன். இந்தப் பொண்ணு போயிட்டா என்னைப் பாக்கறதுக்கு அவன் ஊருக்கு வரணும். அதுக்குத்தான் இவ்ளோ பொய்யும். நான் ஒருத்தி உசுரோட இருக்கறதாலதான இவ இப்பிடிக் கெடக்கறா?’

நான் உன் காயிதத்துல தாண்டித் தாண்டிப் படிச்சேனே, அதெல்லாம் அத்தைக்குத் தெரிஞ்சிருக்குது. நான் எந்த எடத்துல நிறுத்தி மூச்சு வாங்கினேன்னு மொதக்கொண்டு சொன்னாங்க.

பாவாடை மாமா, ‘பொம்பள வாய்ச்சொல்லு பஞ்சாயத்துல செல்லாதும்மா, புருசன் சொல்லணும், இல்ல தம்பி சொல்லணும்’னாரு. அதுக்கு அத்தை, ‘அன்னிக்குத் தாலிய எடுத்து அவன் கையில குடுத்தவ நானு. அப்ப என் கை செல்லுச்சி, இப்ப என் வாய் செல்லாதா? ரெண்டு பேரையும் பெத்தவ சொல்றேன், தீந்துச்சி. எம் புள்ளைக்கும் இவளுக்கும் தீந்துச்சி’ன்னு சொல்லிக்கினே என் கிட்ட வந்து, அவங்களே தாலி முடிச்ச அவுத்தாங்க. கயிறு இறுகிக் கெடந்துச்சி, முடிச்சு அவுர நேரமாச்சி. பாவாடை மாமாவும், ‘சரி, செல்லும்’னாரு.

ஐப்பசி பொறந்ததும் நாலு பேர வெச்சி பெரியண்ணன் எனக்குக் கட்டினாரு. இப்ப அவரு குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். அத்தையும் இங்கதான். நான் கூப்புடறதுக்கு மிந்தியே பெரியண்ணன் போயி பொட்டிய சைக்கிள்ல வெச்சிக் கட்டிக்கினு வந்துட்டாரு. நீ அத்தைய வெச்சிப் போட்ட கணக்கெல்லாம் வீணா போச்சு. உனக்கு அது ஒரு நாளும் தோணல பாரு, ஒரு வார்த்தை நெசத்த எழுதிட்டு ‘அம்மாவையும் கூட்டிக்கினு போங்க அண்ணி’ன்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

உங்க அண்ணனுக்கு அங்க பொண்டாட்டி இருக்குதா, புள்ள இருக்குதான்னு நீ எழுதவே இல்ல. நானும் கேக்கல. இருந்தா நல்லா இருக்கட்டும். மல்லாட்டை வித்துப் பொழைக்கட்டும். பிராது நான் ஆரு பேர்லயும் கட்டல.

இனிமே என்னை அண்ணின்னு எழுதாத, அந்த மொற முடிஞ்சிது. அத்தைய மட்டும் நான் அத்தைன்னுதான் கூப்புடறேன், மாத்த வாய் வரல. அவங்க உனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதச் சொன்னாங்க. ‘கோவம் இல்லன்னு எழுது. ஆனா எம் பேரச் சொல்லிப் பொய் சொன்னான்ல, அதுக்கு நேர்ல வந்து எம் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லணும்னு எழுது’ன்னாங்க. காலு வீங்கித்தான் இருக்குது. ரெண்டு வருசத்துக்கு உத்தரவாதம் நான் குடுக்க முடியாது.

வர்றதா இருந்தா பட்டணத்துலேருந்து பண்ருட்டிக்கு ரயிலு இருக்குது. எறங்கி டவுன்ஷிப் பஸ்ஸு ஏறு. நாலாம் பிளாக்குல எறங்கி பம்பு ஆப்பரேட்டரு பெரியண்ணன் வூடுன்னு கேளு, சின்னப் புள்ள கூட கைய காட்டும். பூமிக்கு அடியில போவ வேணாம், ஆத்தத் தாண்ட வேணாம். வழி தெரியாம கடலுக்குப் போயிட்டேன்னு மட்டும் எழுதாத.

வள்ளியம்மாள்